எதை எறிவது, எதை வைத்திருப்பது? எக்ஸ்பி கணினியின் துப்புரவு வரலாறு

என் எழுத்தறையின் மூலையில் துணி போர்த்தியபடி ஒரு பழைய மேசைக் கணினி இருக்கிறது. அண்மையில் வீட்டுக்கு வந்த பெறாமகன் அதனைக் கண்டு, "பெரியப்பா, இதை ஏன் இன்னும் வைச்சிருக்கிறியள்? எறிஞ்சு விடலாமே" என்றான். எறியத்தான் வேண்டும். ஆனால் எறிவதற்கு முன்னர் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்றேன். அவன் சிரித்தான். அவனுடைய தலைமுறைக்கு எல்லாம் எங்கோ ஒரு மேகத்தில் இருக்கிறது.

2003ஆம் ஆண்டில் வாங்கிய கணினி அது. செலரோன் செயலி, 128 மெகாபைட் நினைவகம், 40 ஜிகாபைட் வன்தட்டு, விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம். முதலாண்டு நன்றாக ஓடியது. பின்னர் படிப்படியாக மந்தமாயிற்று. காலையில் அதனை இயக்கிவிட்டுத் தேநீர் தயாரித்துக்கொண்டு வந்தாலும் அது இன்னும் எழும்பிக்கொண்டேயிருக்கும். அக்காலத்தில் இது எல்லோருக்கும் பொதுவான துயரம். ஆகவேதான் பத்திரிகைகளின் கணினிப் பக்கங்களில் "எக்ஸ்பியை விரைவுபடுத்தப் பத்து வழிகள்" என்ற வகையான கட்டுரைகள் வாரந்தோறும் வெளிவந்தன. அவற்றைத் தேடியெடுத்து, மொழிபெயர்த்து, செப்பனிட்டு வெளியிட்டவர்களுள் நானும் ஒருவன்.

அந்த ஆலோசனைகளுள் சில உண்மையிலேயே பயன்பட்டன. சில எந்தப் பயனுமற்றவை. ஒன்று எனக்கே பெரும் இழப்பை உண்டாக்கப் பார்த்தது. எது எந்த வகை என்பதை அன்று நாம் சோதித்துப் பார்க்கவில்லை. ஒவ்வோர் ஆலோசனைக்கும் ஒரு பிறந்த காலமும் ஒரு காரணமும் இருந்தன. காரணம் மறைந்த பின்னரும் ஆலோசனை மட்டும் உயிரோடு உலாவியது. அந்த வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

640 கிலோபைட் காலம்

கணினியைத் துப்புரவாக்கும் பழக்கம் விண்டோஸுக்கு முற்பட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினி 1981 ஒகஸ்ட் மாதத்தில் வெளிவந்தது. அதன் செயலி 1 மெகாபைட் அளவான நினைவகத்தையே அடையாளம் காணக்கூடியதாக இருந்தது. அதில் 384 கிலோபைட் திரைக்கும் ஏனைய வன்பொருள்களுக்குமாக ஒதுக்கப்பட்டது. எஞ்சிய 640 கிலோபைட்டுக்குள்தான் டொஸ் இயங்குதளமும் மற்றெல்லா மென்பொருள்களும் குடியிருக்க வேண்டும்.

இந்த ஒண்டுக்குடித்தனத்தில் ஒவ்வொரு கிலோபைட்டும் பெறுமதி வாய்ந்தது. கொன்ஃபிக் சிஸ், ஓட்டோஎக்செக் பட் என்னும் இரு சிறு கோப்புகளைத் திருத்தி, வரிகளை மேலும் கீழும் மாற்றி, சில கிலோபைட்டுகளை மீட்டெடுப்பது அன்றைய கணினிப் பயனர்களின் தனிக்கலையாக இருந்தது. 1993இல் வெளிவந்த டொஸ் ஆறாம் பதிப்பில் அந்த வேலையைத் தானாகவே செய்யும் மெம்மேக்கர் என்ற கருவியை மைக்ரோசொப்ட் இணைத்தது. வன்தட்டைச் சீர்படுத்தும் டீஃபிராக் கருவியும் அதிலேயே வந்தது.

அதற்கு முன்பே, 1982ஆம் ஆண்டில், பீட்டர் நோர்ட்டன் என்பவர் தமது பெயரிலேயே ஒரு கருவித் தொகுதியை வெளியிட்டிருந்தார். அழித்த கோப்பை மீட்டெடுக்கும் அன்இரேஸ் என்னும் கருவியே அதற்குப் புகழ் தேடித்தந்தது. அது செயற்பட்ட விதம் இன்றும் அறியத்தக்கது. டொஸ் ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. பெயரின் முதலெழுத்தை மாத்திரம் மாற்றிவிட்டு, அந்த இடம் வெறுமையானது என்று குறித்துக்கொள்ளும். வேறொரு கோப்பு அவ்விடத்தில் எழுதப்படும்வரை பழைய கோப்பு அங்கேயே கிடக்கும். ஆகவே அழித்ததை மீட்கவேண்டுமாயின் முதற்காரியமாகக் கணினியில் எழுதுவதை நிறுத்தவேண்டும். இந்த விதி எக்ஸ்பி காலத்து வன்தட்டுகளுக்கும் பொருந்தியது.

துப்புரவுக்கலை பற்றாக்குறையிலிருந்து பிறந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் பற்றாக்குறை நீங்கிய பிறகும் பழக்கம் நீங்கவில்லை.

பதிவேடு வந்த கதை

தொடக்ககால விண்டோஸில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்குரிய அமைப்புகளை ஐ.என்.ஐ. என்ற சிறு எழுத்துக் கோப்புகளில் எழுதிவைத்தது. கோப்புகள் பெருகின. எந்த மென்பொருளுக்கு எந்தக் கோப்பு என்பது தெரியாத நிலை ஏற்பட்டது. 1995 ஒகஸ்ட் 24ஆம் திகதி வெளியான விண்டோஸ் 95 இதற்கொரு தீர்வைக் கொண்டுவந்தது. எல்லா அமைப்புகளையும் ஒரே மையப் பதிவேட்டில் வைப்பதே அது. ரெஜிஸ்ட்ரி என்று அதற்குப் பெயர். மென்பொருளை முறையாக நீக்குவதற்கென்று கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஓர் இடமும் அப்பதிப்பிலேயே அமைக்கப்பட்டது.

முறையாக நீக்குவதும் நீக்காமல் விடுவதும் மென்பொருளை எழுதியவரின் நேர்மையைப் பொறுத்திருந்தது. பலர் உள்ளே வரும்போது பத்துப் பொருள்களைக் கொண்டுவந்து, வெளியேறும்போது ஏழை மட்டும் எடுத்துச்சென்றனர். மிச்சம் மூன்றும் பதிவேட்டிலும் வன்தட்டிலும் தங்கின. விண்டோஸ் நாட்செல்ல மந்தமாகும் என்ற பேச்சு பரவியபோது, எல்லோருடைய விரலும் ரெஜிஸ்ட்ரியையே சுட்டியது.

மக்களின் இந்த அச்சமும் நினைவகத்தின் விலையும் சேர்ந்து ஒரு புதிய வணிகத்தை உருவாக்கின. 1995இல் ஒரு மெகாபைட் நினைவகம் ஏறத்தாழ 30 அமெரிக்க டொலர். அவ்வாண்டில் சொஃப்ட்ராம் 95 என்ற மென்பொருள் சந்தைக்கு வந்தது. கணினியின் நினைவகத்தை இரட்டிப்பாக்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட அது இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. மார்க் ருசினோவிச், பிரைஸ் கொக்ஸ்வெல் ஆகிய நிரலாளர்களும் வேறு சிலரும் அதனைப் பிரித்துப் பார்த்தபோது, சொல்லப்பட்ட வேலையை அது செய்யவேயில்லை என்பது வெளிப்பட்டது. நிறுவனம் அதனைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. 1996இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவும் நடவடிக்கை எடுத்தது.

கணினியை விரைவாக்கித் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தை எவரும் நம்பத் தயாராக இருக்கிறார்கள் என்பதை வணிகர்கள் அன்றே கண்டுகொண்டனர்.

எக்ஸ்பியின் வருகை

மைக்ரோசொப்ட் நிறுவனம் 1990களில் இருவகை விண்டோஸைச் சமாந்தரமாக வளர்த்துவந்தது. வீட்டுப் பயனர்களுக்கான 95, 98, எம்.ஈ. என்ற வரிசை டொஸின் அடித்தளத்தில் எழுந்தது. அலுவலகங்களுக்கான என்.டி. வரிசை, டேவ் கட்லர் தலைமையிலான குழு புதிதாக எழுதிய உறுதியான கருவின்மீது 1993இல் தோன்றியது. 2001 ஒக்டோபர் 25ஆம் திகதி விற்பனைக்கு வந்த எக்ஸ்பி இவ்விரு வரிசைகளையும் ஒன்றாக்கியது. வீட்டுக் கணினிக்கும் என்.டி.யின் உறுதி கிடைத்தது. நீலத்திரை தோன்றிக் கணினி உறைந்துபோகும் அவலம் பெருமளவு குறைந்தது.

விலையும் இருந்தது. எக்ஸ்பிக்கு 64 மெகாபைட் நினைவகம் குறைந்தபட்சத் தேவை என்றும், 128 மெகாபைட் விதந்துரைக்கப்படுகிறது என்றும் பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். 128 மெகாபைட்டில் அது இயங்கும். ஆனால் வேறெதற்கும் பெரிதாக இடம் மிஞ்சாது. நீலமும் பச்சையுமான புதிய தோற்றம், மிதந்து விரியும் பட்டியல்கள், நிழல்கள், கோப்புத் தேடலில் வாலாட்டும் நாய் என்று அலங்காரங்கள் நிறைந்திருந்தன. கலிபோர்னியாவின் சொனோமா மாவட்டத்தில் சார்ள்ஸ் ஓரியர் 1996இல் பிடித்த பச்சைக்குன்றுப் படம் கோடிக்கணக்கான திரைகளில் விரிந்தது.

எக்ஸ்பி தன்னைத் தானே துப்புரவாக்கவும் முயன்றது. டெஸ்க்டொப் துப்புரவு வழிகாட்டி என்ற ஒன்று அதில் இருந்தது. 60 நாட்களுக்கு ஒருமுறை அது திரையின் மூலையில் தோன்றி, "உங்கள் டெஸ்க்டொப்பில் பயன்படுத்தாத சின்னங்கள் இருக்கின்றன" என்று அறிவிக்கும். சம்மதித்தால், நீண்டகாலம் தொடப்படாத குறுக்குவழிகளை எல்லாம் ஒரு தனிக் கோப்புறையில் கொண்டுபோய் வைக்கும். எதனையும் அழிக்காது. பின்னர் தேவைப்பட்டால் அந்தக் கோப்புறையைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம்.

அந்நாளில் இந்த அறிவிப்பு எரிச்சலூட்டியது. அதனை நிறுத்துவது எப்படி என்றே நாங்கள் எழுதினோம். விஸ்டாவில் அது கைவிடப்பட்டுவிட்டது. இன்று யோசித்தால், எக்ஸ்பி காலத்துத் துப்புரவுக் கருவிகள் அனைத்திலும் அறிவுடையது அதுவே என்று தோன்றுகிறது. குப்பை என்று சந்தேகிப்பதை எறிந்துவிடாமல் ஒதுக்கிவைப்பது அதன் முறை.

பயன்தந்த வழிகள்

முதலாவது, தொடக்கத்தில் தாமாக எழும்பும் மென்பொருள்களைக் குறைப்பது. அச்சுப்பொறி, இசைக்கருவி, அரட்டை மென்பொருள், வைரஸ் எதிர்ப்பி என ஒவ்வொன்றும் கணினியோடு சேர்ந்தே எழும்பி, கடிகாரத்துக்கு அருகில் ஒரு சின்னத்தை நட்டுவைக்கும். 128 மெகாபைட் நினைவகத்தில் பத்துப் பேர் இவ்வாறு குந்தியிருந்தால், எஞ்சியதற்கு வன்தட்டையே நினைவகமாகப் பயன்படுத்தவேண்டிய நிலை கணினிக்கு ஏற்படும். வன்தட்டு நினைவகத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு மந்தமானது. எக்ஸ்பியின் மந்தத்துக்குத் தலையாய காரணம் இதுதான். விண்டோஸ் 98இல் அறிமுகமாகி எக்ஸ்பியிலும் இடம்பெற்ற எம்.எஸ்.கொன்ஃபிக் என்ற கருவியில் அவற்றின் பட்டியல் இருந்தது. அடையாளக்குறியை எடுத்துவிட்டால் போதும். தவறாயின் மீண்டும் இட்டுக்கொள்ளலாம். சொஃப்ட்ராமின் குட்டை உடைத்த அதே ருசினோவிச்சும் கொக்ஸ்வெல்லும் உருவாக்கிய ஓட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இன்னும் விரிவான பட்டியலைத் தந்தது. அவர்களின் சிஸ்இன்ரேனல்ஸ் நிறுவனத்தை 2006இல் மைக்ரோசொப்ட் வாங்கிக்கொண்டது.

இரண்டாவது, வன்தட்டில் இடத்தை விடுவிப்பது. எக்ஸ்பியின் கணினி மீட்பு வசதி, மாற்றங்கள் நிகழும்போது பழைய நிலையைப் படியெடுத்து வைத்தது. அதற்கென வன்தட்டின் 12 வீதம் வரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. அழித்த கோப்புகள் தங்கும் ரீசைக்கிள் பின்னுக்கு 10 வீதம். எனது 40 ஜிகாபைட் வன்தட்டில் இவ்விரண்டும் சேர்ந்து 8.8 ஜிகாபைட் வரை விழுங்கக்கூடும். இவற்றின் அளவைக் குறைத்தால் நல்ல பலன் கிடைத்தது. டிஸ்க் கிளீனப் கருவி தற்காலிகக் கோப்புகளுள் ஒரு வாரத்துக்கு மேற்பட்டவற்றை மாத்திரமே அழித்தது. இன்று திறந்து வேலை செய்யும் கோப்புக்கு ஆபத்து நேராதிருக்க அந்த ஏற்பாடு.

மூன்றாவது, சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்ப்பது. சுழலும் வன்தட்டில் ஒரு கோப்பின் துண்டுகள் பல இடங்களில் சிதறியிருந்தால், வாசிக்கும் ஊசி அங்குமிங்கும் ஓடவேண்டியிருக்கும். டீஃபிராக் அவற்றை அடுத்தடுத்து அடுக்கியது. அது ஒழுங்காக வேலைசெய்ய வன்தட்டில் 15 வீத இடமாவது வெறுமையாக இருக்கவேண்டும் என்பதால் முதலில் துப்புரவு, பிறகு அடுக்குதல் என்பதே சரியான வரிசை. 2007இல் வந்த விஸ்டா இதனைத் தானாகவே வாராவாரம் செய்யத் தொடங்கியது. நகரும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. வந்தபின்னர் இந்த ஆலோசனையின் காரணம் மறைந்தது.

நான்காவது, அலங்காரங்களைக் குறைப்பது. காட்சி விளைவுகளில் "சிறந்த செயற்றிறன்" என்பதைத் தெரிவுசெய்தால் எக்ஸ்பி பழைய விண்டோஸ் 2000இன் சாம்பல் நிறத் தோற்றத்துக்குத் திரும்பிவிடும். அழகு போனாலும் சிறிய கணினிக்கு மூச்சு வந்தது.

இந்த நான்கையும்விட அதிக பலன் தந்தது ஐந்தாவது வழி. நினைவகத்தை 512 மெகாபைட்டாக உயர்த்துவதுதான் அது. அதற்குப் பணம் வேண்டும் என்பதால் "பத்து வழிகள்" பட்டியலில் அது கடைசியில் ஒதுங்கி நின்றது.

பயனற்ற வழிகள்

பிரீஃபெச் கோப்புறையை அழியுங்கள் என்ற ஆலோசனையை நானே ஒருமுறை கொட்டை எழுத்தில் வெளியிட்டேன். எந்த மென்பொருளுக்கு எந்தக் கோப்புகள் தேவை என்பதை எக்ஸ்பி குறித்துவைக்கும் இடம் அது. அடுத்த தடவை அவற்றை முன்கூட்டியே எடுத்துத் தயாராக வைப்பதற்காகவே அந்தக் குறிப்பு. கூடியது 128 மென்பொருள்களுக்கான குறிப்புகளே அங்கு இருக்கும். பழையவை தாமாகவே அகற்றப்படும். அதனை அழித்தால் எக்ஸ்பி மீண்டும் முதலிலிருந்து எல்லாவற்றையும் கற்கவேண்டும். ஆகவே கணினி சற்று மந்தமாகும். வேகப்படுத்த வைத்திருந்த ஏற்பாட்டையே குப்பை என்று எறியச் சொல்லியிருக்கிறோம்.

எக்ஸ்பி உங்கள் இணைய இணைப்பில் 20 வீதத்தைத் தனக்கென்று திருடி வைத்திருக்கிறது, அதனை மீட்டெடுங்கள் என்ற ஆலோசனையும் உலகெங்கும் சுற்றியது. முன்னுரிமை கோரும் மென்பொருள் எதுவும் இயங்காதபோது இணைப்பு முழுவதும் எல்லோருக்கும் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் விளக்கம் வெளியிட்டது. விளக்கத்தைப் படித்தவர்களைவிட வதந்தியைப் படித்தவர்களே அதிகம்.

ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவாக்கும் மென்பொருள்களின் கதை சற்று நீண்டது. "உங்கள் கணினியில் 847 பிழைகள்" என்று சிவப்பெழுத்தில் காட்டிப் பணம் கேட்ட மென்பொருள்கள் அக்காலத்தில் ஏராளம். பல இலட்சம் பதிவுகள் கொண்ட ஓர் அட்டவணையில் சில நூறை நீக்குவதால் உணரத்தக்க வேகம் எதுவும் கூடாது. தவறான ஒரு பதிவை நீக்கினால் கணினி எழும்பாமலே போகலாம். மைக்ரோசொப்டே ரெக்கிளீன் என்றொரு கருவியை வெளியிட்டுப் பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நேர்மையான துப்புரவுக் கருவிகளும் இருந்தன. 2003இல் தோன்றிய சிகிளீனர் அவற்றுள் பெயர்பெற்றது. எக்ஸ்பி காலத்தில் அது இல்லாத கணினி அரிது. ஆனால் 2017ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதத்தில் வெளியான அதன் ஒரு பதிப்புக்குள் ஊடுருவல்காரர்கள் தீநிரலை நுழைத்துவிட்டனர். சுமார் 22 இலட்சத்து 70 ஆயிரம் பேரின் கணினிகளுக்கு அப்பதிப்பு சென்றடைந்தது. செப்டெம்பரில்தான் விடயம் அம்பலமாயிற்று. குப்பை அள்ளவந்த வண்டியிலேயே திருடன் ஒளிந்து வந்தான்.

எழுத்துருக்களை நான் அழித்த கதை

இனி என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். தேவையற்ற எழுத்துருக்களை அழித்தால் கணினி விரைவாகும் என்பது அக்காலத்து ஆலோசனைகளுள் ஒன்று. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் ஏறத்தாழ ஆயிரம் எழுத்துருக்களுக்கு மேல் நிறுவ முடியாத ஒரு தொழில்நுட்ப எல்லை காணப்பட்டது. எக்ஸ்பியில் அந்த எல்லை இல்லை. ஆலோசனை மட்டும் தப்பி வந்திருந்தது.

2005ஆம் ஆண்டில் ஒரு விடுமுறை நாளில் அதனைப் பின்பற்றி இருநூறுக்கும் அதிகமான எழுத்துருக்களை அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் வெறுமையாக்கினேன். வேகத்தில் வித்தியாசம் ஏதும் தெரியவில்லை. சில வாரங்களின் பின் ஒரு மூத்த நாடகக் கலைஞர் காலமானார் என்ற செய்தி வந்தது. அவரை நான் முன்னர் நீண்ட பேட்டி கண்டிருந்தேன். அஞ்சலிக் கட்டுரைக்காக அந்தக் கோப்பைத் திறந்தபோது, திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிறைந்திருந்தன.

இளைய வாசகர்களுக்காகச் சிறிது விளக்கவேண்டும். யுனிகோட் பரவலாவதற்கு முன்னர் தமிழ் எழுத்துருக்கள் ஒரு தந்திரத்தின் மூலம் செயற்பட்டன. கணினியைப் பொறுத்தவரை நாம் ஆங்கிலமே தட்டச்சு செய்தோம். எழுத்துருதான் ஒவ்வோர் ஆங்கில எழுத்தின் இடத்திலும் ஒரு தமிழ் வடிவத்தை வைத்துக் காட்டியது. எமது நாட்டில் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால் கணினியின் நினைவில் பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு இல்லாவிட்டால் தமிழும் இல்லை. அச்சகங்களும் பத்திரிகைகளும் தத்தமக்கென வெவ்வேறு விசைவரிசையில் எழுத்துருக்கள் வைத்திருந்ததால், ஒன்றின் திறப்பு மற்றொன்றின் பூட்டுக்குப் பொருந்தாது.

பாமினியாக இருந்திருந்தால் கவலையில்லை. அது எங்கும் கிடைத்தது. என் பேட்டிகள் ஒரு சிறிய தட்டச்சு நிலையத்தார் தந்த எழுத்துருவில் இருந்தன. நிலையம் மூடப்பட்டுவிட்டது. எழுத்துரு இருந்த நெகிழ்வட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அழித்த கோப்பை மீட்கலாம் என்றால், இடைப்பட்ட வாரங்களில் அதே வன்தட்டில் எத்தனையோ கோப்புகளை எழுதியிருந்தேன். அஞ்சலிக் கட்டுரையை ஞாபகத்திலிருந்து எழுதினேன். அவர் சொன்ன சொற்கள் என் கணினியிலேயே இருந்தும் அவற்றை என்னால் வாசிக்க முடியவில்லை.

ஏறத்தாழ ஆறு மாதங்களின் பின்னர் டொரொன்டோவிலுள்ள நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னபோது, தம்முடைய பழைய கணினியில் தேடிப் பார்ப்பதாகக் கூறினார். அவரும் ஒரு காலத்தில் அதே நிலையத்தில் கட்டுரைகள் தட்டச்சு செய்வித்தவர். தேடியபோது எழுத்துரு கிடைத்தது. மின்னஞ்சலில் வந்த அந்தச் சிறு கோப்பு 60 கிலோபைட்டுக்கும் குறைவானது. நிறுவியதும் திரையில் தமிழ் மலர்ந்தது. அந்த நண்பர் தமது கணினியை ஒருநாளும் துப்புரவு செய்யாதவர். அதற்காக அவரை நான் பலமுறை கேலி செய்திருக்கிறேன்.

இந்தச் சிக்கலுக்கான தீர்வு எக்ஸ்பிக்குள்ளேயே இருந்தது என்பது இன்னொரு வேடிக்கை. 2000ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் 2000, யுனிகோட் தமிழையும் லதா என்ற எழுத்துருவையும் கொண்டுவந்தது. எக்ஸ்பியிலும் அது தொடர்ந்தது. ஆனால் அது முன்கூட்டியே இயங்கும் நிலையில் இருக்கவில்லை. கட்டுப்பாட்டுப் பலகத்தில் மொழிகள் பகுதிக்குச் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவுமாறு ஒரு கட்டத்தில் அடையாளமிட்டு, இறுவட்டை உட்செலுத்தி, கணினியை மீள இயக்கவேண்டும். அதன் பின்னரே தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேர்ந்து தோன்றும். நூறு வேக வழிகளை எழுதிய எமது கணினிப் பக்கங்கள் இந்த ஒரு வழியை முதற்பக்கத்தில் போட்டிருக்க வேண்டும்.

தாழ்ப்பாள் இல்லாத வீடு

எக்ஸ்பியின் தொடக்கப் பதிப்பில் தீச்சுவர் இருந்தும் அது இயக்கப்படாத நிலையிலேயே வந்தது. 2003 ஒகஸ்டில் பிளாஸ்டர் புழு பரவியபோது, இணையத்தில் இணைந்த சில நிமிடங்களிலேயே கணினிகள் தாமாக நின்று மீண்டும் எழும்பத் தொடங்கின. 60 விநாடிகள் எண்ணிக் குறையும் அந்தப் பெட்டியை அக்காலத்தவர் மறந்திருக்கமாட்டார்கள். 2004 ஒகஸ்டில் வந்த இரண்டாவது சேவைப் பொதி தீச்சுவரை இயல்பாகவே இயங்கச் செய்தது. அதனை நிறுவினால் கணினி மந்தமாகும் என்று கூறி நிறுவாதிருந்தவர்களும் உண்டு. வேகத்துக்காகப் பாதுகாப்பை நிறுத்துங்கள் என்ற ஆலோசனைகளும் வெளிவந்தன. பட்டியலில் மிக ஆபத்தானவை அவையே.

2014 ஏப்ரல் 8ஆம் திகதியுடன் எக்ஸ்பிக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்டபோது, மைக்ரோசொப்ட் வழக்கத்துக்கு மாறாக எக்ஸ்பிக்கும் ஓர் அவசரத் திருத்தத்தை வெளியிட்டது. பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகளே. ஆயினும் ஆதரவு முடிந்து மூன்றாண்டுகளின் பின்னரும் எக்ஸ்பி எத்தனை இடங்களில் உயிரோடு இருந்தது என்பதை அந்தத் திருத்தமே காட்டியது.

ஆகவே இன்று எக்ஸ்பிக் கணினி ஒன்றை வைத்திருப்பவர்களுக்கு என் ஆலோசனை "பத்து வழிகள்" அல்ல. அதனை இணையத்தில் இணைக்காதீர்கள். விரைவுபடுத்தவும் முயலாதீர்கள். பழைய வன்தட்டு இன்னும் எத்தனை தடவை சுழலும் என்பது எவருக்கும் தெரியாது. அந்தத் தடவைகளைப் படியெடுப்பதற்கே செலவிடுங்கள். ஆவணங்கள், டெஸ்க்டொப்பில் கிடப்பவை, மறைந்த கோப்புறையில் இருக்கும் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மின்னஞ்சல்கள் ஆகியவற்றோடு எழுத்துருக் கோப்புறை முழுவதையும் மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆறுதலாக ஒவ்வொன்றையும் யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் மூலக் கோப்பை எறியவேண்டாம். மாற்றிகள் ஒற்றுப்புள்ளியையும் கொம்பையும் இடம்மாற்றி வைத்துவிடுவதுண்டு. ஒப்புநோக்க மூலம் தேவைப்படும்.

பெறாமகன் சென்ற மறுநாள் அந்தக் கணினியின் துணியை விலக்கி இயக்கினேன். உள்ளிருந்த சிறு மின்கலம் செயலிழந்துவிட்டதால் கடிகாரம் வேறெதோ ஆண்டைக் காட்டியது. அந்த நாடகக் கலைஞரின் பேட்டி இருந்த கோப்புறையைத் திறந்தேன். இருபத்து மூன்று பேட்டிகள். அவர்களுள் இன்று உயிரோடிருப்பவர்கள் நால்வர். முதலில் எழுத்துருவைப் பென் டிரைவில் படியெடுத்தேன். பின்னர் பேட்டிகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினேன். கணினி மெதுவாகத்தான் இயங்கியது. அன்று எனக்கு அவசரம் இருக்கவில்லை.